பழியும் பாணியும்

கொலைத் தொழிலில் கைதேர்ந்த ஒருவன், அத்தொழிலைத் துறந்து, ஊரார் கண்ணில் படாத ஒரு மூலையில் சாதாரண மனிதனாக வாழ முற்பட்டிருக்கும் காலத்தில், தன் உயிருக்கு உயிரான ஒன்றைப் பிறர் கையால் இழந்து, புதைத்து வைத்த பழைய ஆயுதங்களை மறுபடியும் தோண்டி எடுத்துக்கொண்டு புறப்படுகிறான் என்னும் கதை, சென்ற பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளாக உலகத்துத் திரைகளில் மிகுந்த செல்வாக்கோடு உலாவி வருகிறது. ஹாலிவுட்டில் 2014-ஆம் ஆண்டு வெளிவந்த 'ஜான் விக்' அக்கதைக்குப் புதிய உருவமும் புதிய மவுசும் தந்தது. தமிழில், கூலிக் கொலையாளியின் இடத்தில் அரசாங்கம் கைவிட்ட ரகசியப் படைவீரன் ஒருவனை நிறுத்தி, அதே மரபின் அம்சங்களைத் தன் முறையில் எடுத்தாண்ட லோகேஷ் கனகராஜின் 'விக்ரம்', 2022 ஜூன் 3-ஆம் தேதி வெளியாகி, அவ்வாண்டின் மிகப் பெரிய வெற்றிகளுள் ஒன்றாக விளங்கிற்று. அப்படத்தைப் பார்த்து முடித்தபோது என் மனத்தில் எழுந்தது வெறும் பாராட்டும் அன்று, வெறும் அருவருப்பும் அன்று. ரசனை ஒரு பக்கம் இழுக்க, மனச்சாட்சி மறு பக்கம் இழுக்க, இரண்டில் எதையும் பொய்யென்று தள்ளிவிட இயலாத ஒரு நிலைமை அது. அந்நிலைமையின் காரணங்களை ஆராய்வது பயனுள்ள காரியம் என்றே நான் கருதுகிறேன்.

நான் வாழும் ஹேடோ, இப்போது ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பெற்றிருக்கும் போர்ட் பிளேரின் துறைமுகப் பகுதி. சென்னையிலிருந்து ஏறக்குறைய மூன்று நாள் கடலில் மிதந்துவரும் கப்பல்கள் வந்து அணையும் இடம். தாய்நாட்டுச் சினிமா வெகுகாலம் எங்களுக்கு அந்தக் கப்பல்களின் வழியாகவே, பயணிகளின் பைகளில் குறுந்தகடாகவும் பென் டிரைவாகவும் வந்து கொண்டிருந்தது. 2020 ஆகஸ்ட் 10-ஆம் தேதி, சென்னையையும் இத்தீவுகளையும் இணைக்கும் ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளமுள்ள கடலடிக் கேபிள் திறந்து வைக்கப்பட்ட பிறகுதான், ஒரு படத்தைச் சென்னைக்காரர் வீட்டில் இருந்தபடி பார்க்கும் அதே நாளில் நாங்களும் தடங்கலின்றிப் பார்க்கும் வசதி உண்டாயிற்று. 'விக்ரம்' அப்படி வந்தது. தமிழரும் வங்காளிகளும் தெலுங்கரும் மலையாளிகளும், சோட்டா நாகபுரியிலிருந்து முன்னாளில் வேலைக்குக் கொண்டுவரப்பட்டு 'ராஞ்சி' என்று இங்கே அழைக்கப்படும் மக்களும் கலந்து வாழ்ந்து, ஹிந்தியில் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளும் எங்கள் சுற்றுவட்டாரத்தில், இத்தகைய படம் ஒன்றை ஒரே அறையில் பல மொழிக்காரர் அமர்ந்து பார்ப்பது வழக்கம். அவ்வாறு பார்க்கும்போது நான் கவனித்த ஒரு விஷயம் உண்டு. சண்டைக் காட்சிகளின் போது மொழி அறியாதவர் எவரும் விளக்கம் கேட்பதில்லை; கதாநாயகன் திரும்பிப் பார்க்கும் விதத்திலும், விளக்கு அணைந்து எரியும் விதத்திலும், இசை எழும்பித் தாழும் விதத்திலும் சொல்ல வேண்டியது அனைத்தும் அவர்களுக்கு விளங்கிவிடுகிறது. அவர்கள் விளக்கம் கேட்பது ஒரே ஓர் இடத்தில்தான்: இவன் எதற்காக இத்தனை பேரைக் கொல்கிறான், இவனுக்கு யார் இறந்து போனார்கள் என்று கேட்கிறார்கள். படத்தின் பாணி எல்லைகளைத் தாண்டிச் சென்று சேர்ந்து விடுகிறது. படத்தின் துக்கம் சேர்வதில்லை. மொழியறியாமை மட்டுமே இதற்குக் காரணம் என்று நான் முதலில் எண்ணியிருக்கக்கூடும். ஆனால் தமிழறிந்தவர்களுக்கும் அத்துக்கம் முழுமையாக வந்து சேர்வதில்லை என்பதை அவர்கள் முகங்களே காட்டின.

பாணியை இகழ்ந்து பேசுவது எளிது. கொலைக்கு அலங்காரம் செய்கிறார்கள் என்று ஒரு வாக்கியத்தில் கண்டித்து விட்டுப் போய்விடலாம். அது நியாயமான விமர்சனம் ஆகாது. ஏனெனில் பாணி என்பது இவ்வகைப் படங்களில் மேலே பூசிய வர்ணம் அன்று, அதுவே அவற்றின் சிந்தனை முறை. 1967-இல் பிரெஞ்சு இயக்குநர் ழான் பியர் மெல்வில் எடுத்த 'லெ சாமுராய்' என்ற படத்தில், அலென் தெலோன் நடித்த கூலிக் கொலையாளி, சாம்பல் நிறம் படர்ந்த ஓர் அறையில், கூண்டுப் பறவை ஒன்றின் துணையோடு, ஏறக்குறைய பத்து நிமிஷ காலம் ஒரு வார்த்தையும் பேசாமல் இருந்து, தொப்பியின் விளிம்பை விரலால் நீவிச் சரிசெய்து கொண்டு வெளியே போகிறானே, அந்த மௌனத்தில் அம்மனிதனுடைய தனிமை முழுவதும் அடங்கியிருக்கிறது. 'ஜான் விக்' படத்தை இயக்கிய சாட் ஸ்டாஹெல்ஸ்கி, 'மேட்ரிக்ஸ்' படத்தில் நடிகர் கீனு ரீவ்ஸுக்காகச் சண்டைக் காட்சிகளில் ஈடு நின்றவர். ஆகவே, காமிராவை ஆட்டி அசைத்தும் துண்டு துண்டாக வெட்டி ஒட்டியும் நடிகனின் இயலாமையை மறைக்கும் வழக்கத்தை விட்டுவிட்டு, உடம்பு முழுவதும் தெரியும்படி தூரத்தில் நின்று, ஒரு சண்டையின் தொடக்கத்தையும் முடிவையும் பார்ப்பவன் கண் தொடர்ந்து செல்லும்படி காட்டினார். ஒரு நடனத்தைக் காட்டுகிறவனுக்கு இருக்க வேண்டிய நேர்மை அதில் இருந்தது. சாமர்த்தியமும் உழைப்பும் நேர்மையும் கூடிய எதுவும் கலைக்குரிய மரியாதைக்கு உரியதே.

'விக்ரம்' படத்திலும் அத்தகைய மரியாதைக்குரிய அம்சங்கள் பல. கிரீஷ் கங்காதரனின் ஒளிப்பதிவும், அன்பறிவ் என்ற பெயரில் இயங்கும் இரட்டையரின் சண்டை அமைப்பும், அனிருத்தின் இசையும் தனித்தனியே துருத்தி நில்லாமல் ஒன்றையொன்று தாங்குகின்றன. அவற்றிலும் மேலாக நான் போற்றுவது அதன் முற்பாதியின் கட்டமைப்பை. கமல்ஹாசன் என்னும் நாடறிந்த பெரிய நடிகரை வைத்துக்கொண்டு, அவரைத் தொடக்கத்திலேயே முகமூடி அணிந்த கொலைகாரர்கள் கையில் இறந்து போனவராகக் காட்டி, அந்தக் கர்ணன் என்ற மனிதன் யார், குடிகாரனா, ஒழுக்கங்கெட்டவனா, மகனுடைய சாவைத் தாங்காதவனா என்று ஃபஹத் ஃபாசில் ஏற்ற அமர் என்ற துப்பறிவோன் மூலம் பலருடைய வாய்மொழியாக விசாரித்துக்கொண்டே போவதில், கதாநாயகனின் இன்மையே கதையின் ஈர்ப்பாகிறது. தமிழ்ச் சினிமாவின் நட்சத்திர வழிபாட்டு மரபில் இது துணிச்சலான காரியம். 1986-இல் சுஜாதாவின் கதையைக் கொண்டு கமல்ஹாசன் நடித்து வெளிவந்த பழைய 'விக்ரம்' படத்திலும் மனைவியைப் பறிகொடுத்த உளவாளியே நாயகன் என்றாலும், அங்கே துக்கம் ஒரு காட்சியோடு முடிந்து சாகசம் தொடங்கிவிடும். புதிய படத்திலோ, போதைப்பொருள் தடுப்பு அதிகாரியான மகன் பிரபஞ்சனை இழந்த தகப்பன், தன்னைச் சீரழிந்த மனிதனாக உலகுக்குக் காட்டிக்கொண்டு பகைவரை அறிந்து கொள்ளக் காத்திருந்தான் என்பது பின்னால் தெரிய வரும்போது, நாம் முன்பு கேலியாகப் பார்த்த ஆட்டமும் குடியும் வேறு பொருள் பெற்று மனத்தைத் தைக்கின்றன. காத்திருத்தலின் வேதனையைப் பழிவாங்கும் படம் ஒன்று இவ்வளவு நுட்பமாக உணர்த்தியது அபூர்வம்.

பிற்பாதியில் அந்த நுட்பம் தளர்ந்து விடுகிறது. பேரக் குழந்தைக்கு இதயத்தில் கோளாறு. பேரோசை அதற்கு ஆகாது என்று ஒரு கற்பனையை அமைத்திருக்கிறார்கள். மிக உயர்ந்த கற்பனை அது. துப்பாக்கி வெடிக்காமல், சத்தமின்றிப் போரிட வேண்டிய நிர்ப்பந்தத்தைப் போர்வீரன் ஒருவனுக்கு உண்டாக்குவதைவிட, வீரத்தின் மீது வாத்சல்யம் விதிக்கும் கட்டுப்பாட்டைச் சொல்ல வேறு நல்ல வழி ஏது? ஆனால் இறுதிக் கட்டத்தில் இயந்திரத் துப்பாக்கியும் பீரங்கியும் முழங்கத் தொடங்குகின்றன. எத்தனை பேர் சாய்கிறார்கள் என்று எண்ண முடியாது. எண்ணுவதற்கு அவகாசமும் தரப்படவில்லை. எல்லோரும் ஒரே மாதிரி ஓடிவருகிறார்கள். ஒரே மாதிரி விழுகிறார்கள். அவர்களில் ஒருவனுக்கும் முகம் இல்லை. எந்தக் குழந்தையின் செவிக்காகக் கதை அதுவரை அஞ்சியதோ அக்குழந்தையைப் பற்றிய அச்சத்தைப் பார்ப்பவர் மறந்துபோகும்படி ஓசை பெருகுகிறது.

இங்கேதான், பழைய தமிழ் இலக்கணம் ஒன்றின் வெளிச்சத்தில் இவ்வகைப் படங்களின் குறையை நான் பார்க்க விரும்புகிறேன். தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில், உள்ளத்து உணர்ச்சி புறத்தே தோன்றும் மெய்ப்பாடுகள் எட்டினை வகுத்து, ஒவ்வொன்றும் எவ்வெவற்றை இடமாகக் கொண்டு பிறக்கும் என்று நந்நான்காகப் பிரித்துக் காட்டியிருக்கிறார். வெகுளி பிறக்கும் நான்கு இடங்களுள் ஒன்று கொலை. அழுகை பிறக்கும் நான்கு இடங்களுள் ஒன்று இழவு. பெருமிதம் பிறக்கும் இடங்களில் கல்வியும் தறுகண்மையும் உண்டு. ஆக, வேண்டியவன் ஒருவன் கொல்லப்பட்டான் என்ற ஒரே சம்பவத்திலிருந்து, அதனைக் கொலையாகக் கண்டால் வெகுளியும், இழவாகக் கண்டால் அழுகையுமாக இரண்டு மெய்ப்பாடுகள் ஒருங்கே பிறக்க வேண்டும். பாணியில் சிறந்த பழிவாங்கும் படம் செய்கிற வித்தை என்னவென்றால், அந்த இரண்டில் அழுகையை மெல்ல ஒதுக்கிவிட்டு, வெகுளியை மாத்திரம் கைப்பற்றிக்கொண்டு, கொல்லும் வித்தையில் நாயகனுக்குள்ள கல்வியையும் அவனுடைய தறுகண்மையையும் துணையாக்கி, வெகு விரைவில் பெருமிதத்தில் கொண்டு போய்ச் சேர்த்து விடுவதுதான். பார்ப்பவனும் நிமிர்ந்து உட்காருகிறான்; கை தட்டுகிறான்; யாருக்காக இத்தனையும் என்ற நினைவு அவனுக்கு அப்போது இல்லை. எங்கள் அறையில் எழுந்த கேள்வி மொழியறியாமையால் மட்டும் எழுந்தது அன்று என்று நான் சொன்னதற்குக் காரணம் இதுவே.

நம்முடைய மகாகாவியங்கள் இப்படிச் செய்யவில்லை. சிலப்பதிகாரத்தில் கோவலன் கொலையுண்ட செய்தி கண்ணகிக்கு எட்டியவுடன் அவளைப் பாண்டியன் அவைக்களத்துக்கு இளங்கோவடிகள் அனுப்பிவிடவில்லை. துன்ப மாலை, ஊர்சூழ் வரி என்று இரண்டு காதைகள் முழுவதையும் அவளுடைய புலம்பலுக்கும், கணவன் உடலைத் தேடி அவள் தெருத்தெருவாக நடப்பதற்கும் ஒதுக்கிய பிறகே வழக்குரை காதை வருகிறது. சினத்தின் உச்சியில் மதுரையை எரிக்க ஏவும்போதும், அறவோர், முதியோர், குழந்தைகள் என்று தீ தீண்டலாகாதவரைப் பிரித்துச் சொல்லி விடுகிறாள். வடதமிழ்நாட்டுத் திரௌபதியம்மன் திருவிழாக்களிலோ இதனினும் வியக்கத்தக்க ஒன்று இருக்கிறது: பதினெட்டாம் போர் முடிந்து, களிமண்ணால் செய்து கிடத்திய துரியோதனன் உருவத்தின் தொடையைப் பிளந்து, திரௌபதி கூந்தலை முடிந்த பின்னர், அந்தப் படுகளத்தில் செத்த பகைவனுக்காக ஒப்பாரி வைக்கப்படுகிறது. சபதம் நிறைவேற வேண்டும் என்று இரவெல்லாம் கண்விழித்துக் காத்திருந்த அதே ஜனங்கள், சபதம் நிறைவேறிய கணத்தில், அதற்கு விலையாக விழுந்தவனுக்கும் உரிய அழுகையைக் கொடுத்து விடுகிறார்கள். கொல்லப்பட்டவனுக்கு ஒரு பெயரும் ஒரு பெண்சாதியும் ஒரு தாயும் உண்டு என்பதைக் கிராமத்துக் கூத்து மறப்பதில்லை. கோடிக்கணக்கில் பொருட்செலவு செய்யும் சினிமா மறந்துவிடுகிறது.

ஹேடோ துறைமுகத்தில் கப்பலிலிருந்து சரக்கு இறக்கும் கிரேனை நான் நெடுநேரம் நின்று பார்த்ததுண்டு. அதன் கை எழுந்து, சுழன்று, இறங்குவதில் ஒரு கம்பீரம் உண்டு. ஆயினும் அந்தக் கம்பீரம் கொக்கியில் தொங்கும் பாரத்தால் வருவது; வெறுங்கொக்கி சுழன்றால் அதனை எவரும் ஏறிட்டுப் பார்க்க மாட்டார்கள். திரைப்படத்தின் பாணிக்கும் அவ்வாறே தூக்குவதற்கு ஒரு பாரம் வேண்டும். அந்தப் பாரம் இறந்தவர்கள். 'ஜான் விக்' முதற்படத்தில், நோயால் இறந்த மனைவி கடைசியாக அனுப்பிவைத்த நாய்க்குட்டியைச் சுற்றி ஒரு வீட்டின் சூனியத்தைப் பொறுமையாகக் காட்டிய பின்னரே துப்பாக்கி எடுக்கப்படுகிறது. அதனால்தான், ஒரு நாய்க்காகவா இத்தனை கொலைகள் என்று கேட்பதற்கு நமக்கு வாய் வருவதில்லை. தொடர்ந்து வந்த பாகங்களில் சண்டைகள் மேன்மேலும் அழகடைந்தன. வீட்டின் சூனியம் மறைந்து போயிற்று. அழகு மிகுந்து பாரம் குறைந்ததனால், அவற்றைப் பார்த்த பின் எனக்கு எஞ்சியது களைப்பு ஒன்றே.

நான் இருக்கும் இந்த ஊருக்கும் பழிக்கும் உள்ள சம்பந்தம் புத்தகத்தோடு நிற்பதன்று. துறைமுக நீர்ப்பரப்புக்கு அப்பால், மவுண்ட் ஹாரியட் என்று வழங்கி 2021 முதல் மவுண்ட் மணிப்பூர் என்று பெயர் பெற்றுள்ள மலையின் அடிவாரத்தில் ஹோப் டவுன் என்ற படகுத்துறை இருந்தது. இந்தியாவின் வைஸ்ராய் மேயோ பிரபு, அம்மலையின் மேல் நின்று சூரிய அஸ்தமனத்தைக் கண்டு இறங்கி வந்து படகில் ஏறப் போகும் வேளையில், 1872 பிப்ரவரி 8-ஆம் தேதி, ஷேர் அலி அஃப்ரீதி என்ற கைதியின் கத்தியால் குத்துண்டு இறந்தார். அந்த ஷேர் அலி யார்? பெஷாவரில் ஆங்கிலேயர் சேவகத்தில் இருந்தவன். குலப்பகையின் காரணமாகத் தன் உறவினன் ஒருவனைக் கொன்றதற்காக மரண தண்டனை பெற்று, பின் அது ஆயுள் தண்டனையாகக் குறைக்கப்பட்டு இங்கே அனுப்பப்பட்டவன். குலப்பகையைத் தீர்ப்பது குற்றமே அன்று என்று நம்பிய அவன், தன்னைத் தண்டித்தவர்களுள் உயர்ந்த ஒருவரைக் கொல்வது என்று மனத்துக்குள் முடிவு செய்துகொண்டு, அதிகாரிகளே மெச்சும்படியான நன்னடத்தையோடு, கைதிகளுக்கு முடிதிருத்தும் நாவிதனாக ஆண்டுக்கணக்கில் இருந்தான். ஒரு மாலைப்பொழுதின் இருட்டில் சில விநாடிகளில் காரியம் முடிந்தது. வைப்பர் தீவில் அவனைத் தூக்கிலிட்டார்கள்.

இந்தச் சரித்திரத்தை நான் இங்கே எடுத்துச் சொல்வதற்குக் காரணம், உண்மையான பழியின் உள்ளமைப்பு இன்னதென்று அது காட்டுவதுதான். அதில் செயல் சில விநாடிகள். காத்திருத்தல் பல வருஷங்கள். எந்த அநீதி முதலில் அவனைப் புறப்படச் செய்ததோ அதுவும், அவன் முதலில் கொன்ற உறவினனுடைய வீட்டாரின் துயரமும், கடைசியில் கொன்ற வைஸ்ராயின் பேரில் அவனுக்குத் தனிப்பட்ட விரோதம் எதுவும் இல்லாமற் போனதும் சேர்ந்து, பழி என்பது குறி தவறிப் போகும் இயல்புடையது என்பதை உணர்த்துகின்றன. சினிமாவிலோ செயல் இரண்டு மணி நேரம். காத்திருத்தல் இரண்டு நிமிஷம். அங்கே குறி தவறுவதே கிடையாது. 'விக்ரம்' படத்தின் முற்பாதியை நான் அவ்வளவு உயர்வாகச் சொன்னது, கர்ணனுடைய வேஷத்தின் மூலம் அந்தக் காத்திருத்தலுக்கு அது இடம் கொடுத்ததனாலேயே.

குறி தவறிய கொலையையே கருவாகக் கொண்ட படம் ஒன்றும் தமிழில் இருக்கிறது. 2013 செப்டம்பரில் வெளிவந்த மிஷ்கினின் 'ஓநாயும் ஆட்டுக்குட்டியும்', பாட்டு ஒன்றுகூட இல்லாமல், இளையராஜாவின் பின்னணி இசையை மட்டும் துணையாகக் கொண்டு, சென்னையின் இரவுத் தெருக்களிலேயே நடந்து முடியும் கதை. குண்டடிபட்டுச் சாலையோரம் கிடக்கும் ஒருவனை மருத்துவக் கல்லூரி மாணவன் ஒருவன் காப்பாற்றுகிறான். காலையில் போலீசார் வந்து, அவன் காப்பாற்றியது ஊரே தேடும் கூலிக் கொலைகாரனை என்று சொல்கிறார்கள். ஓநாய் என்று பெயர் பூண்ட அக்கொலையாளி தவறுதலாக ஒரு நிரபராதியைக் கொன்றவன். அந்தக் கொலைக்குப் பிறகு தொழிலை விட்டு, இறந்தவனுடைய கண்பார்வையற்ற குடும்பத்துக்குத் துணை நிற்பதையே வாழ்வாகக் கொண்டவன். இப்படத்திலும் பாணிக்குக் குறைவில்லை. ஆட்கள் நிற்கும் விதம், அடி விழுவதற்கு முன்னால் வரும் நிசப்தம், வாகனம் நிறுத்தும் தளத்தில் நடக்கும் இறுதிப் போராட்டம் எல்லாம், ஜப்பானியப் படங்களின் பரிச்சயம் உள்ளவர்க்கு உடனே அடையாளம் தெரியும்படி, செதுக்கி வைத்தவை. சில இடங்களில் அச்செதுக்கல் இயற்கைக்கு மாறாக விறைத்து நிற்கிறது என்றும் சொல்லத்தான் வேண்டும். எனினும் கல்லறைத் தோட்டத்தில் மெழுகுவத்தி வெளிச்சத்தில், தான் செய்த பாவத்தைக் குழந்தைக்குச் சொல்லும் கதையைப் போல அவன் சொல்லி முடிக்கும் வரை, காமிரா அவன் முகத்தை விட்டு அகலாமல் நிற்கிறதே, அந்தக் காட்சியில் இதுவரை அவன் செய்த எல்லாக் கொலைகளுக்கும் ஒரே ஒரு சாவு பதில் கேட்கிறது. வெகுளிக்கும் பெருமிதத்துக்கும் நடுவில் விட்டுப்போன அழுகையை மிஷ்கின் அங்கே மீட்டுத் தந்துவிட்டார். 'விக்ரம்' கண்ட வரவேற்பை இப்படம் கண்டதில்லை. துக்கத்தின் விலை அதுவாக இருக்கலாம். இருந்தும் நான் இரண்டாம் முறை முழுமையாகப் பார்த்தது இதனைத்தான்.

எங்கள் ஊரிலேயே எடுக்கப்பட்ட பிரியதர்ஷனின் 'சிறைச்சாலை' (1996) படத்தையும் இவ்விடத்தில் ஒரு வார்த்தை சொல்லிவிடலாம். செல்லுலர் சிறையின் ஏழு கிளைகளில் இப்போது எஞ்சியிருப்பவை மூன்றே. அவற்றின் நடுவில் சந்தோஷ் சிவனின் காமிரா உலவியபோது, அழகு எங்கே கொடுமையை மறைத்து விடுமோ என்ற அபாயம் அங்கும் இருந்தது. அப்படத்தின் நாயகனும் இறுதியில் சிறையதிகாரியைக் கொன்று பழிதீர்க்கிறான். ஆனால் அதற்காகத் தூக்கிலே தொங்குகிறான். பழிக்கு விலையுண்டு என்ற நினைவை அப்படம் கைவிடவில்லை.

'விக்ரம்' போன்ற படங்கள் அந்த விலையை வேறொரு வழியில் தட்டிக் கழிக்கின்றன. மகனுக்காகப் பழிவாங்குவது சுயநலம் என்று தோன்றிவிடக் கூடாது என்பதற்காக, போதைப்பொருளற்ற சமுதாயம் என்ற பெரிய லட்சியம் ஒன்று நாயகனுடைய வாயில் வைக்கப்படுகிறது. லட்சியம் உயர்ந்ததுதான், போதைப்பொருளால் குடும்பங்கள் சிதைவதை நகரங்களில் வாழும் எவரும் அறிவர். ஆயினும் ஒரு தகப்பனுடைய இழவு தன்னளவிலேயே போதுமான காரணம் என்ற நம்பிக்கை படத்துக்கு இருந்திருந்தால் இந்தப் பிரசங்கம் தேவைப்பட்டிராது. பொது நன்மையின் பெயரால் செய்யப்படும் கொலைக்குக் கணக்கு வைக்க வேண்டியதில்லை என்ற எண்ணம் அதனால் பார்ப்பவர் மனத்தில் படிவதுதான் எனக்கு அதிகமான அச்சத்தைத் தருகிறது. கூலிப்படை என்பது தமிழ்நாட்டுச் செய்தித்தாள்களில் அன்றாடம் காணும் ஒரு வார்த்தை. அந்தச் செய்திகளில் வரும் இளைஞர்களுக்கு, 'ஜான் விக்' படங்களில் காணும் அழகிய உடையும் ரகசிய விடுதியும் தங்க நாணயமும் இல்லை. அரிவாளும், இரவல் வாங்கிய இருசக்கர வாகனமும், வருஷக்கணக்கில் நீளும் வழக்கும், சிறை வாசலில் காத்து நிற்கும் ஒரு தாயுமே உண்டு. 2006-இல் விஷ்ணுவர்தன் இயக்கிய 'பட்டியல்', தாய்லாந்துப் படம் ஒன்றிலிருந்து கதையை எடுத்துக்கொண்டதாயினும், அநாதைகளாக வளர்ந்து கூலிக்குக் கொல்லும் இருவருடைய வறுமையையும், ஏவியவர்களே அவர்களை அழிக்கத் துணிவதையும் காட்டிற்று. அந்த அளவுக்காவது உண்மையை நெருங்கிய படங்கள் பின்னர் அருகிப் போயின.

இன்னொரு குறையையும் நான் மறைத்துப் பேச விரும்பவில்லை. இவ்வகைக் கதைகளில் பெண்கள் இறப்பது, ஆண்களுக்குக் கோபம் உண்டாக்குவதற்காகவே. 'ஜான் விக்' மனைவி, பழைய 'விக்ரம்' மனைவி, புதிய 'விக்ரம்' படத்தில் அமரின் மனைவி காயத்ரி எல்லோரும் அந்த வரிசையில் வருகிறவர்கள். காயத்ரியின் மரணம் மிகக் கொடூரமானது. ஆனால் அவள் உயிரோடு இருந்தபோது அவளுக்கென்று ஓர் ஆசையோ ஓர் அபிப்பிராயமோ படத்தில் தரப்படவில்லை. சந்தானம் என்ற வில்லனுக்குப் பெரிய கூட்டுக்குடும்பமும் தங்கப்பல்லும் நடையும் குரலும் எல்லாம் கொடுத்து, விஜய் சேதுபதியின் திறமைக்கு விசாலமான களம் அமைத்துத் தந்தவர்கள், அவளுக்கு ஒரு காட்சியைக் கூடுதலாகத் தந்திருந்தால் என்ன குறைந்து போயிருக்கும்? செல்வராகவனும் கீர்த்தி சுரேஷும் நடித்து அதே ஆண்டில் வந்த 'சாணிக் காயிதம்' பெண்ணையே பழிதீர்ப்பவளாக ஆக்கிற்று. ஆனால் அப்படம் கொடுமையின் விவரங்களில் அவ்வளவு ஆழ்ந்து போனதால், அவளுடைய துக்கமும் அந்த ரத்தத்துக்குள் மூழ்கி மறைந்தது.

இந்தக் குறைகளுக்கெல்லாம் நடுவே 'விக்ரம்' படத்தில் ஓர் இடம் இருக்கிறது. வீட்டில் வேலை செய்யும் பெண்ணாகப் பின்னணியில் ஓரமாக நடமாடிக்கொண்டிருந்த ஒருத்தி, பகைவர்கள் குழந்தையைத் தேடி உள்ளே நுழைந்ததும், பழைய ரகசியப் படையைச் சேர்ந்த ஏஜென்ட் டீனா என்று தன்னை வெளிப்படுத்திக்கொண்டு, கைக்குக் கிடைத்ததைக் கொண்டு போராடி மடிகிறாள். நீண்ட காலம் சினிமா நடனக் குழுக்களில் பேர் தெரியாமல் பணியாற்றிய வசந்தி அவ்வேடத்தை ஏற்றிருக்கிறார். எத்தனையோ ஆண்டுகள் பாத்திரம் துலக்கியபடி கடமைக்காகக் காத்திருந்த ஒருத்தியின் பொறுமை, யாருடைய கோபத்துக்கும் தூண்டுகோலாக அன்றித் தானே தேர்ந்துகொண்ட சாவு, நடுத்தர வயதுடைய ஒரு பெண்ணின் உடம்பில் திடீரென்று தோன்றும் கல்வியும் தறுகண்மையும் ஆகிய எல்லாம் அந்தச் சில நிமிஷங்களில் ஒன்று கூடி, பாணி தன் பாரத்தைத் தூக்கி நிறுத்துகிறது. எங்கள் அறையில் மொழி தெரிந்தவர் தெரியாதவர் என்ற பேதம் இன்றி எல்லோரும் கலங்கிப் பேச்சற்று இருந்தது அந்த ஒரு காட்சியில்தான்; எவருக்கும் எவரும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஆனால் அவள் விழுந்ததும் கதை அவளை விட்டுவிட்டு, அடுத்த சண்டைக்கும், அதற்கடுத்த பீரங்கிக்கும், இறுதியில் அடுத்த படத்துக்கு முன்னோட்டமாக நடிகர் சூர்யா தோன்றும் காட்சிக்கும் விரைந்து போய்விடுகிறது. லோகேஷ் கனகராஜிடம் உள்ள ஆற்றலில் எனக்குச் சந்தேகமே கிடையாது. டீனாவுக்காக அவர் இன்னும் ஐந்து நிமிஷம் நின்றிருக்கலாம். அவர் இனி எடுக்கும் படங்களில் அந்த ஐந்து நிமிஷத்தைத்தான் நான் எதிர்பார்க்கிறேன்.